மேடை காட்டிய நூற்று நாற்பது

நெல்லிக்குப்பத்துக்கு வெளியே, பண்ருட்டி போகிற சாலையில் ஓர் எடைமேடை இருக்கிறது. கரும்பு டிராக்டர், செங்கல் லாரி, சவுக்குக் கட்டை ஏற்றிய வண்டி, எது வந்தாலும் மேடையில் ஏற்றச் சொல்லி, கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, எண்ணைப் பார்த்து, சீட்டு அடித்துக் கொடுப்பது என் வேலை. பெயர் உத்திராபதி. வயது நாற்பத்தாறு. என் எடை எவ்வளவு என்று இப்போதே கேட்காதீர்கள். அந்த வம்புதான் இந்தக் கதை.

வேலையில் என்னைப் பற்றி ஒரே ஒரு புகார் உண்டு. உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிடுவேன். சீட்டு அடித்துக்கொண்டிருக்கும்போதே தலை தொங்கிவிடும். "அண்ணன் கும்புட ஆரம்பிச்சிட்டாரு" என்று டிரைவர்கள் சிரிப்பார்கள். நான் சோம்பேறி, தின்றுவிட்டுத் தூங்குகிறேன் என்பது ஊர் முடிவு. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

கண்ணை மூடிய மறுநொடி கனவு வந்துவிடும். எடைமேடைக்கு அடியில் கெடிலம் ஆறு வந்து நிற்கும். மேடை மெல்லக் கிளம்பி மிதக்கும். டிராக்டர்கள் தண்ணீரில் சத்தமில்லாமல் வரும், கரும்பின் வெள்ளைப் பூ எல்லாம் உதிர்ந்து அவற்றின் மேல் விழுந்துகொண்டே இருக்கும். எந்த வண்டி ஏறினாலும் எண் சைபர்தான் காட்டும். நான் ஏறி நிற்பேன், எனக்கும் சைபர். அந்தச் சுகம் இருக்கிறதே, அதைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. பிறகு ஹாரன் அடிக்கும். வாயோரம் துடைத்துக்கொண்டு சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன்.

போன தை மாதம் தொப்புளுக்கு மேலே ஓர் உருண்டை தென்பட்டது. முதலில் எலுமிச்சம்பழம் அளவு. மாசிக்குள் சாத்துக்குடி ஆகிவிட்டது. இருமினால் வெளியே வரும், படுத்தால் உள்ளே போகும். என் மனைவி இளவரசி அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கே என்னைக் கடலூருக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. டாக்டர் தட்சிணாமூர்த்தி கைராசிக்காரர் என்று பெயர். உள்ளே விடுவதற்கு முன்னால் நர்ஸ் எடை மிஷினில் ஏறச் சொன்னாள். ஏறினேன். மிஷின் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு கோடு காட்டிவிட்டு அணைந்தது.

"நூத்தி இருபதுக்கு மேல இதுல காட்டாது சார்" என்றாள் அந்தப் பெண். பாவம், அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது. வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள்.

டாக்டர் என் வயிற்றை அழுத்திப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஹெர்னியா. ஆபரேஷன் பண்ணணும். ஆனா இந்த உடம்ப வச்சிக்கிட்டு நான் பண்ண மாட்டேன்" என்றார். பிறகு இளவரசி பக்கம் திரும்பி, "நீங்கதான் நல்லா சமைச்சுப் போடுறீங்க போல" என்று சிரித்தார். தெருவில் தண்ணீர் லாரிக்காரனையே அலற வைக்கிறவள் அவள். அன்றைக்கு வாயைத் திறக்காமல் பையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"பத்து கிலோ குறைச்சிட்டு வாங்க. அப்பறம் பேசுவோம்."

"எத்தனையிலேர்ந்து பத்து கிலோ சார்?" என்று கேட்டேன்.

நான் குசும்புக்குக் கேட்கவில்லை. மொத்த எடை தெரியாமல் கழிக்கிற வழக்கம் எங்கள் தொழிலில் கிடையாது. டாக்டருக்கு அது குசும்பாகப் பட்டுவிட்டது. "எத்தனையா இருந்தா என்ன? குறைச்சிட்டு வாங்க. திடீர்னு குடல் மாட்டிக்கிட்டு வாந்தி வந்துச்சுன்னா லேட் பண்ணாம பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடிடுங்க. உயிருக்கே ஆபத்து" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டை எடுத்தார். உயிருக்கு ஆபத்து என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்தே வெளியே அனுப்புகிறார்.

எடை தெரிந்தாக வேண்டுமே. அரிசி மண்டித் தராசில் மூட்டைகளோடு மூட்டையாக ஏறி நிற்க மானம் இடம் கொடுக்கவில்லை. நம் மேடை எதற்கு இருக்கிறது? ஒருநாள் மத்தியானம், வண்டி வராத நேரம் பார்த்து, மேடை நடுவில் போய் நின்றேன். இளவரசியின் தம்பி செந்தமிழ்செல்வன் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறான். அவனை ஜன்னலுக்கு உள்ளே உட்கார வைத்திருந்தேன்.

"மாமா, நூத்தி நாப்பது!"

"கத்தாதடா."

சீட்டும் அடித்துவிட்டான். அதில் வண்டி எண்ணுக்கு ஒரு கட்டம், சரக்குக்கு ஒரு கட்டம் இருக்கும். வண்டி எண்ணை விட்டுவிட்டு, சரக்கு என்கிற இடத்தில் 'மாமா' என்று போட்டிருந்தான். சிரித்தேன். சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். நூற்று நாற்பதிலிருந்து நூற்று முப்பது. கணக்கு இப்போது எனக்குப் பிடிபட்டுவிட்டது.

நாலு மாதம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சோறு ஒரு வேளை. காலையில் கேழ்வரகுக் கூழ். சர்க்கரை ஆலையால் ஊரே பாகு வாசனை அடிக்கிற இடத்தில் சர்க்கரை போடாத டீ. விடிந்ததும் ரயில்வே கேட் வரைக்கும் நடை. வயிற்று உருண்டை வெளியே வராமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடப்பேன். நடந்துபோகிறவனைப் பார்த்து, "இன்னா அண்ணே, ஆப்பரேசனா?" என்று கேட்காத ஆளில்லை. ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி மத்தியானம் மேடையில் ஏறுவேன்.

நூற்று நாற்பது. அடுத்த மாதமும் நூற்று நாற்பது. அதற்கடுத்த மாதமும்.

"பேன்ட்டு தளருதே, பாக்கலையா நீங்க?" என்று இளவரசி இடுப்பில் ஊக்குக் குத்திவிடுவாள்.

"துணி நைஞ்சி போச்சு. மேடை பொய் சொல்லுமா?" என்று எரிந்து விழுவேன். வருடா வருடம் அரசாங்க முத்திரை வைத்துவிட்டுப் போகிற மேடை. அதை நம்பாமல் பேன்ட்டை நம்பச் சொல்கிறாளே என்று கோபம்.

நாலாவது தடவையும் நூற்று நாற்பது காட்டியபோது செந்தமிழ்செல்வன் எண்ணைச் சத்தமாகச் சொல்லவில்லை. கையை மட்டும் அசைத்தான். அன்று சாயங்காலம் சாலையோரக் கடையில் ஆறு பரோட்டா தின்றேன். ஆறாவதைத் தின்னும்போது அழுகை வந்தது. அழுதுகொண்டே தின்றேன். இனி எந்த டாக்டர் வாசலையும் மிதிப்பதில்லை, வெடித்தால் வெடிக்கட்டும் என்று வீட்டில் வந்து சொன்னேன். மறுவாரம் இளவரசி குளித்துத் தயாராக நின்றாள்.

"சிதம்பரம் போறோம். தம்பிக்குத் தெரிஞ்ச எடம். நீங்க வரலன்னா நான் போயி உங்களப் பத்தி சொல்லிட்டு வரேன்."

அவள் மட்டும் போய் என் தொப்பையைப் பற்றிச் சொல்வதை நினைத்துப் பார்த்தேன். கிளம்பிவிட்டேன்.

கடலூரில் பஸ் ஏறி உட்கார்ந்ததுதான் தெரியும். ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் பஸ் தண்ணீரில் போக ஆரம்பித்துவிட்டது. இரண்டு பக்கமும் உப்பங்கழி, வெள்ளை வெளேரென்று. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் சீட்டை விட்டு ஒரு சாண் மேலே எழும்பி, கம்பியைப் பிடித்தபடி மிதந்தார்கள். கண்டக்டர் நீந்தி வந்து டிக்கெட் கொடுத்தார். நான்தான் எல்லாருக்கும் மேலே, கூரையில் முதுகு உரச மிதந்துகொண்டிருந்தேன். பரங்கிப்பேட்டைப் பக்கம் கடல் திறந்து, உள்ளே யாரோ விளக்கேற்றியதுபோல வெளிச்சம் வந்தது. அதற்குள் போய்விடலாம் என்று நினைத்தபோது விலாவில் ஓர் இடி விழுந்தது.

"எறங்கணும்" என்றாள் இளவரசி.

கீழவீதியிலிருந்து கொஞ்ச தூரம் அந்த ஆஸ்பத்திரி. அங்கிருந்த ஆபரேஷன் டாக்டர் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிட்டு, "பண்ணலாம். ஆனா மயக்க மருந்து டாக்டர் சரின்னு சொல்லணும்" என்று பக்கத்து அறைக்கு அனுப்பினார்.

மயக்க மருந்து டாக்டர் எழிலரசிக்கு என் வயதுதான் இருக்கும். தூக்கிச் செருகிய புடவை, தலையில் பாதி நரை. என்னைப் பார்த்ததும் எழுந்து, கைப்பிடி இல்லாத அகலமான நாற்காலி ஒன்றை அவரே இழுத்துப் போட்டார். ஆஸ்பத்திரிகளில் கைப்பிடி வைத்த நாற்காலியில் என்னைத் திணித்துக்கொண்டு, எழும்போது அதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு எழுகிறவன் நான். அந்த நாற்காலியில் உட்கார்ந்ததுமே பாதிக் கோபம் போய்விட்டது. மீதிக் கோபத்தோடு, கடலூர் டாக்டர் திருப்பி அனுப்பிய கதையைச் சொல்லி முடித்தேன்.

"பஸ்ல தூங்குனீங்களா?" என்று கேட்டார். அதுதான் முதல் கேள்வி.

பார்த்தவர் மாதிரிக் கேட்கிறாரே என்று திகைத்தேன். "ஆமா டாக்டர்."

"வேலையில?"

"தூங்குவேன்."

"சாப்புடும்போது?"

"ரெண்டு மூணு தடவ."

மேசை இழுப்பறையிலிருந்து தையல்காரர் வைத்திருக்கிற இஞ்சு டேப்பை எடுத்து என் கழுத்தைச் சுற்றி அளந்தார். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு இளவரசியைப் பார்த்து, "ராத்திரி தூங்கும்போது இவருக்கு மூச்சு நிக்குதாம்மா?" என்றார்.

இளவரசி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"நிக்கும் டாக்டர். கொறட்ட விட்டுக்கிட்டே இருப்பாரு, பொசுக்குன்னு நின்னுடும். நான் எண்ணுவேன். பத்து, பதினஞ்சு. சில நேரம் முப்பது வரைக்கும் போவும். அப்பறம் விலாவுல ஒரு இடி இடிச்சா, அப்படியே இழுத்துக்கிட்டு மூச்சு வரும்."

"எத்தன நாளா?"

"எங்க சின்னவ பொறந்ததுலேர்ந்து. ஒம்போது வருசம்."

"அப்ப நீங்க எப்ப தூங்குவீங்க?"

"அவுரு வேலைக்குப் போனப்பறம், பகல்ல கொஞ்ச நேரம். ராத்திரியில பயமா இருக்கும். நான் கண்ண மூடுற நேரத்துல நின்னுச்சுன்னா?"

ஒன்பது வருடம் ஒரே பாயில் படுத்திருக்கிறோம். காலையில் அவள் முகம் வீங்கியிருக்கும், எதற்கெடுத்தாலும் சிடுசிடுப்பாள். வாயாடி, கோபக்காரி என்று என் அக்கா வீட்டில் பேசும்போது நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"சொன்னா பயந்துக்குவீங்க. ஏற்கெனவே ஊருல கிண்டல். இதையும் சேத்து எதுக்கு?"

"கடலூர் டாக்டருக்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்றார் எழிலரசி.

"அவுரு இதக் கேக்கலையே டாக்டர். சமையலப் பத்திதான் கேட்டாரு."

பேச்சை மாற்ற வேண்டும் என்றுதான் சட்டைப் பையிலிருந்து எடைச் சீட்டுகளை எல்லாம் எடுத்துக் கொடுத்தேன். டாக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். சரக்கு என்கிற இடத்தைப் பார்த்ததும் அவர் வாயோரம் சிரிப்பு வந்தது.

"இது என்னங்க?"

"லாரி எடை போடுற மேடை டாக்டர். நான் அங்கதான் இருக்கேன். நாலு மாசம் பட்டினி கெடந்தேன். ஒரு கிலோ கொறையல."

அவர் என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். அங்கே தரையோடு தரையாக ஓர் எடை மிஷின் இருந்தது. சக்கர நாற்காலியோடு ஏற்றி எடை போடுவதாம். ஏறி நின்றேன். நூற்று முப்பத்தாறு என்று காட்டியது. பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து நாலு என்றும் காட்டியது.

"உங்க மேடை எத்தன எத்தனையா காட்டும்?"

"பத்துப் பத்தா" என்றேன்.

இந்தப் பத்து வருடத்தில் எத்தனை டிரைவர்களிடம் நானே சொல்லியிருக்கிறேன், "நாலு கிலோ, அஞ்சு கிலோவுக்கெல்லாம் மேட அசையாது, சண்ட போடாத" என்று. நூற்று முப்பத்தைந்திலிருந்து நூற்று நாற்பத்து நாலு வரைக்கும் எது ஏறி நின்றாலும் அதற்கு நூற்று நாற்பதுதான். கரும்புக்குச் சரி. பதினைந்து டன்னில் எவன் அதைப் பார்க்கப் போகிறான்? பத்துப் பத்தாகவே பார்த்துப் பழகிய கண், தன் உடம்பையும் அப்படியே பார்த்துவிட்டது.

"அப்ப கொறஞ்சிருக்கா டாக்டர்?"

"நாலு மாசம் முன்னாடி என்ன எடைன்னு யாருக்கும் தெரியாது. ஆனா கொறஞ்சுதான் இருக்கணும். இதப் பாருங்க." அவர் என் இடுப்பைக் காட்டினார். ஊக்குக் குத்திய பழைய ஓட்டைகள் துணியில் மூன்று இடத்தில் இருந்தன. ஒவ்வொன்றும் முன்னதைவிட ஓர் அங்குலம் தள்ளி. நான்தான் சொன்னேனே என்று இளவரசி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வராந்தா என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் டாக்டர் எழிலரசி சொன்னார்: "இன்னைக்கு நான் உங்களுக்கு மயக்கம் குடுக்க மாட்டேன்."

எழுந்துவிட்டேன். "தெரியும் டாக்டர். இன்னும் பத்து கிலோவா, இருபதா?"

"உக்காருங்க. நான் உங்கள அனுப்பலையே."

உட்கார்ந்தேன்.

"கடலூர் டாக்டர் மேல கோவமா இருக்கீங்க. அவுருக்குப் பயம். உங்க கழுத்து, உங்க தூக்கம், இதோட மயக்கம் குடுத்தா எழுப்பறது செரமம். எனக்கும் பயம்தான். ஆனா பயமா இருந்தா, என்னால முடியாது, இன்ன எடத்துக்குப் போனா முடியும்னு சொல்லணும். உங்க மேல தப்புன்னு சொல்லி அனுப்பக் கூடாது." கொஞ்சம் நிறுத்தித் தண்ணீர் குடித்தார். "தூக்கத்துல உங்க தொண்ட மூடிக்குது. அதனாலதான் பகல்ல தூங்கி விழறீங்க. சோம்பேறித்தனம் இல்ல அது. காத்த உள்ள தள்ளுற ஒரு சின்ன மிஷின் இருக்கு. மூக்குல மாட்டிக்கிட்டுத் தூங்கணும். மூணு வாரம் இங்கேர்ந்து எடுத்துக்கிட்டுப் போயி தூங்குங்க. அப்பறம் ஆபரேஷன். நான்தான் பக்கத்துல இருப்பேன்."

"எடை கொறையலன்னா?"

"கொறையலன்னாலும்."

அந்த ஒரு வார்த்தைக்காக நான் நாலு மாதம் நடந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. இளவரசி முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

மிஷின் எனக்கு ஒத்துவருகிறதா என்று பார்க்க அன்று மத்தியானமே வார்டில் ஒரு கட்டிலில் படுக்கச் சொன்னார்கள். மணி இரண்டு. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம், வெயில். ரப்பர் மூடி ஒன்றை மூக்கின்மேல் வைத்து வார் போட்டு இறுக்கினார்கள். குழாய் வழியே குளிர்ந்த காற்று வந்தது. மூச்சுத் திணறுமோ என்று நினைத்தேன். திணறவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு இளவரசி உட்கார்ந்தாள். கண்ணை மூடினேன். தண்ணீர் வரும், மேடை மிதக்கும் என்று காத்திருந்தேன்.

ஒன்றும் வரவில்லை. ஆறும் வரவில்லை, பூவும் வரவில்லை. நான் எங்கேயும் போகவில்லை.

விழித்தபோது ஜன்னலில் வெயில் மஞ்சளாகியிருந்தது. சுவர்க் கடிகாரம் ஐந்தே முக்கால் காட்டியது. வேப்பமரத்தில் ஒவ்வோர் இலையும் தனித்தனியாகத் தெரிந்தது. தலைக்குள் எப்போதும் இருக்கிற பாரம் இல்லை. உலகம் இவ்வளவு தெளிவாக இருக்கும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. மூடியைக் கழற்றிவிட்டு இளவரசியிடம் இதைச் சொல்லத் திரும்பினேன்.

ஸ்டூல் காலியாக இருந்தது. எட்டிப் பார்த்தேன். கட்டிலுக்குக் கீழே வெறும் தரையில், பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. நெற்றியில் எப்போதும் இருக்கிற சுருக்கம் போயிருந்தது. கல்யாணமான புதிதில் பார்த்த முகம். அதற்குப் பிறகு அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

நர்ஸ் ஒருத்தி உள்ளே வந்தாள். "யாருங்க இது, கூட வந்தவங்க தரையில படுக்கக் கூடாது. ஏம்மா, எழுந்திரும்மா" என்று குரல் கொடுத்தாள். நான் கையைக் காட்டித் தடுப்பதற்குள் இளவரசி துள்ளி எழுந்தாள். கண்கூடச் சரியாகத் திறக்கவில்லை. கை நேராக என் விலாவுக்கு வந்து இடித்தது.

"இருக்கேன்" என்றேன். "முழிச்சிக்கிட்டுதான் இருக்கேன்."

அவள் என்னைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது.

"ஐயோ, தூங்கிட்டேங்க" என்றாள், பெரிய தப்புச் செய்துவிட்டவளைப்போல. "எப்படித் தூங்குனேன்னே தெரியல. மன்னிச்சிக்குங்க."

கட்டிலில் ஒதுங்கினேன். நான் ஒதுங்கினால் எவ்வளவு இடம் கிடைத்துவிடும்? ஒருக்களித்துப் படுக்கிற அளவுக்கு இருந்தது.

"இங்க வந்து படு" என்றேன். "நர்சம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்."